அவன் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் விழா

பல் டாக்டர் தன் வீட்டு ஓவனின் கதவைத் திறந்து, குனிந்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். 'இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அப்படி ஒரு கடைவாயை அவர் தன் தொழிலில்கூடப் பார்த்ததில்லை. அடிப்பாகத்தில் கொழுப்பு வழிந்து, கொதித்து, கருகி, கரும்பாறையாக இறுகிப்போயிருந்தது. பின்சுவரில் தெறித்தது தனி. மேலே சூடேற்றும் கம்பியில் என்னவோ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது கோழியின் தோல் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

செய்தவர் அவரேதான். மனைவி, உடம்பு முடியாத தங்கையைப் பார்த்துக்கொள்ளப் போன வாரத்தில், கடைச் சாப்பாடு அலுத்துப்போய், முழுக்கோழி ஒன்றைத் தானே வாட்டிச் சாப்பிடுவது என்று வீராவேசமாக முடிவெடுத்தார். கோழிக்கு அடியில் ஒரு தட்டு வைக்க வேண்டும் என்பது கோழி பாதி வெந்த பிறகுதான் அவர் மூளைக்கு எட்டியது. கடைசியில் கோழியும் வேகவில்லை.

மனைவி கேக் செய்து கொடுப்பவர். ஊரில் நல்ல பெயர். திங்கட்கிழமை காலை திரும்பி வந்ததும் ஒரு கல்யாணத்துக்கு அடுக்குக் கேக் போட்டாக வேண்டும். கருகிய கோழிப் புகை மணக்கும் கேக்கை எந்த மணப்பெண்ணும் மன்னிக்க மாட்டாள். மனைவி அவளுக்கு முன்னாலேயே மன்னிக்க மாட்டார்.

நல்லவேளையாக அது தானே சுத்தம் செய்துகொள்ளும் வகை ஓவன். பொத்தானை அமுக்கினால் கடும் சூடேறி, அழுக்கையெல்லாம் எரித்துச் சாம்பலாக்கிவிடும். கூடவே வந்த கையேட்டை எடுத்துப் படித்தார். ஒரே ஒரு பக்கம். கம்பித் தட்டுகளை வெளியே எடுத்துவிட வேண்டும், வழிந்து கிடக்கும் கொழுப்பை ஈரத்துணியால் முடிந்தமட்டும் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புகையும், தீயும் பிடிக்கலாம். மருந்து எதுவும் தெளிக்கக் கூடாது. ஜன்னல்களைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட வேண்டும். பறவை வளர்ப்பவர்கள் அதை வேறு இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும், அப்போது கிளம்பும் ஆவி பறவையின் நுரையீரலுக்கு விஷம். ஓடி முடியும்வரை வீட்டிலேயே இருக்க வேண்டும். கதவு தானே பூட்டிக்கொள்ளும், ஆறியதும் தானே திறக்கும். மிச்சமிருக்கும் சாம்பலைத் துடைத்தால் வேலை முடிந்தது.

"இவ்வளவுதானா?" என்று சந்தோஷமாகத் துணியை எடுத்தவருக்கு, லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பு நினைவுக்கு வந்தது. கை அப்படியே நின்றது.

குடியிருப்போர் சங்கம் போன வருஷம் போட்ட தீர்மானம் அது. தட்டச்சு செய்தவர் ஓவனை 'அவன்' என்று அடித்திருந்தார். 'அவன் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளுமுன் பாதுகாப்புக் குழுவின் அனுமதி பெற வேண்டும்' என்று செயலாளர் அதைக் கூட்டத்தில் படித்தபோது, யாரோ ஒருத்தன் கீழ்க்குழாயடியில் திறந்த மேனியாகக் குளிக்கிறான் போலிருக்கிறது, அதைத்தான் கண்டிக்கிறார்கள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். யாரும் வழிமொழியாததால் கூட்டம் முடியாமல் இழுத்தது. வீட்டுக்குப் போனால் போதும் என்று டாக்டர் கையைத் தூக்கினார்.

நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைப்பவர், தன் வாயைத் திறக்க வேண்டிய இடத்திலெல்லாம் கையைத் தூக்கிவிடுவார். இது அவருக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

சங்கத் தலைவர் மேல்மாடியில் தனியாக இருந்தார். ஏதோ பெரிய அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். அலுவலகத்துக்குத்தான் ஓய்வு கிடைத்தது என்று கீழ்வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரூல் போட்ட நாளிலிருந்து அனுமதி கேட்டு வந்த முதல் ஆள்.

"தானே சுத்தம் பண்ணிக்கும்னு சொல்றீங்க. சரி. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேக்கறது? நீங்க, 'நான் பண்ணலை, அதுவே பண்ணிக்கிச்சு'ம்பீங்க. அதுவோ கதவைப் பூட்டிக்கும். இத்தனை வருஷம் ஆபீஸ்ல இருந்தேன் டாக்டர், தானா நடந்த வேலைன்னு ஒண்ணை நான் பாத்ததே இல்லை. என் கையெழுத்து இல்லாம எதுவும் நடந்ததில்லை. கையெழுத்துப் போட்டும் பலது நடந்ததில்லை, அது வேற விஷயம்."

"புத்தகத்தில ரொம்ப சுலபமா..."

"சுலபம்னு எழுதினவன் அந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பேத்துப்பானா? இந்த ரூல் வந்ததுக்கப்புறம் நம்ம கட்டடத்தில ஒரு விபத்து உண்டா, சொல்லுங்க."

"இல்ல சார். ஆனா அதுக்கு முன்னாடியும் இல்லியே?"

தலைவர் பரிதாபமாகச் சிரித்தார். "முன்னாடி விபத்து பாதுகாப்பு இல்லாம இல்லாம இருந்தது. இப்ப பாதுகாப்போட இல்லாம இருக்கு. வித்தியாசம் புரியுதா?"

டாக்டருக்குப் புரியவில்லை. "புரியுது சார்" என்றார்.

மறுநாள், சனிக்கிழமை, பாதுகாப்புக் குழு நேரில் பார்வையிட வந்தது. தலைவர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் கழுத்தில் விசிலோடு செயலாளர். இன்ஷூரன்ஸ் ஏஜென்டான அவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த வீடு எரிந்து போனதைப் போலவே பார்ப்பார். கடைசியாகப் புகைப் பிரிவுப் பொறுப்பாளர். அண்மையில் சிகரெட்டை விட்டவர் என்பதால், புகை விஷயத்தில் அனுபவம் உண்டென்று அவரைப் போட்டிருந்தார்கள். அவருடைய கடைவாய்ப் பல் இரண்டுக்கு வேர் சிகிச்சை செய்தவர் டாக்டர்தான். அந்த நாற்காலியை நினைத்தோ என்னவோ, அவர் டாக்டரின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

டாக்டர் கம்பித் தட்டுகளை உருவி வைத்துவிட்டு, கொழுப்பைத் துடைக்கத் துணியை நனைத்தார். பீப் என்று விசில் அடித்தது.

"என்ன பண்றீங்க?" என்றார் செயலாளர்.

"துடைக்கிறேன். முதல்ல இதைத் துடைச்சிடணுமாம். இல்லாட்டா தீப்பிடிக்கலாம்னு..."

"நீங்க துடைச்சிட்டா அப்புறம் அது எப்படித் தானே சுத்தம் பண்ணிக்கிட்டதா ஆகும்? அனுமதி எதுக்குக் கேட்டிருக்கீங்க? தானே பண்ணிக்கறதுக்கு. கலந்து பண்றதுக்குத் தனி அனுமதி வேணும். அதுக்கு இன்னும் ரூல் போடலை."

"ரூல் போடற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றார் தலைவர்.

டாக்டர் துணியைப் பிழிந்து காயப்போட்டார்.

அடுத்தது ஜன்னல். திறந்து வைக்க வேண்டுமாம் என்று டாக்டர் மெல்லச் சொன்னதும் புகைப் பிரிவுப் பொறுப்பாளர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "திறந்தா புகை வெளிய வருமே! அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு. எல்லாத்தையும் இறுக்கி மூடி, இடுக்கில ஈரத்துணி வெச்சிடலாம். புகை எங்க உண்டாகுதோ அங்கேயே இருக்கட்டும்." தலைவர் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். காயப்போட்டிருந்த துணியே அதற்குப் பயன்பட்டது.

"ஓடும்போது நான் வீட்டிலயே இருக்கணும்னு..." என்று இழுத்தார் டாக்டர்.

"ஒருத்தர்கூட உள்ள இருக்கப்படாது. கட்டடத்தையே காலி பண்றோம். நாளைக்குக் காலையில எல்லாரும் கீழ முற்றத்தில. நாற்காலி, மைக் ஏற்பாடு பண்ணிடலாம்" என்றார் தலைவர். சொல்லும்போதே அவர் கண்ணில் ஒரு பேச்சுக்கான ஈரம் கசிந்துவிட்டிருந்தது.

அன்றைக்கு டாக்டர் கண்ணாடி முன்னால் நின்று, "இது பைத்தியக்காரத்தனம் சார்" என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். ரொம்ப நன்றாக வந்தது. கடைசித் தடவை சொன்னபோது அவருக்கே தன்மேல் கொஞ்சம் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றம் நிரம்பி வழிந்தது. கட்டடத்தில் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று ஆளுக்கு ஆள் ஆச்சரியப்பட்டுக்கொண்டார்கள். டாக்டரின் சமையலறையில் ஓவனுக்குக் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. தலைவர் அதை வெட்டி, பொத்தானை அமுக்குவார். குழுவினர் முன்னால் நெருக்கி நின்றுகொண்டதில், வீட்டுக்காரரான டாக்டருக்குக் கிடைத்தது ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடுக்கு. அங்கிருந்து பார்த்தால் செயலாளரின் முதுகு நன்றாகத் தெரிந்தது.

அப்போதுதான் புகைப் பிரிவுப் பொறுப்பாளர் ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கூண்டுக்குள் ஒரு பச்சைக் கிளி.

டாக்டருக்கு அந்தக் கிளியைத் தெரியும். எதிர்வீட்டுத் தையல்கார அக்காவுடையது. வாசல் மணி அடித்தால் "யாரது?" என்று ஓர் ஆண்குரலில் கேட்கும். அக்காவின் கணவருடைய குரல். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வீட்டில் அந்தக் குரல் மட்டும் யாரது யாரது என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மணி அடிக்க ஆள் வராத நாட்களில் அக்காவே வெளியே வந்து, தன் வீட்டு மணியைத் தானே அடித்துவிட்டு உள்ளே போவதை டாக்டர் ஒன்றிரண்டு தடவை பார்த்திருக்கிறார். பார்க்காத மாதிரி போயிருக்கிறார்.

"இது எதுக்கு இங்க?" என்றார் டாக்டர்.

"பிராணிகளையெல்லாம் கண்காணிப்புல வைக்கணும்னு முடிவு. கட்டடத்திலேயே இன்னைக்குக் கண்காணிப்பு இருக்கற இடம் இதுதான்" என்று சொல்லி, பொறுப்பாளர் கூண்டை ஓவனுக்கு மேலே, மேடையில் வைத்தார். "நான் வாசல்லயே நிக்கறேன். ஒரு ஈ உள்ள போகாது."

ஜன்னல்கள் மூடியிருந்தன. இடுக்கெல்லாம் ஈரத்துணி. உள்ளே துடைக்காத கொழுப்பு. மேலே கிளி. கையேட்டின் அந்த ஒரு பக்கத்தில் செய்யாதே என்று சொல்லியிருந்த அத்தனையும் ஒன்றுவிடாமல் நடந்தேறியிருந்தது. டாக்டர் வாயைத் திறந்தார்.

"கேள்விகள் கடைசியில" என்றார் தலைவர்.

டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

ரிப்பன் வெட்டப்பட்டது. கேமராக்கள் மின்னின. எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் விரலால் எதையோ அமுக்கினார். விசில் அடித்தது. அடுத்த கணம் டாக்டர் தன் வீட்டுக்கு வெளியே இருந்தார். முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"பாதுகாப்புன்னா என்ன? ஆபத்து வராம இருக்கறது இல்லை. ஆபத்து வந்தா, அது நம்ம தப்பு இல்லைன்னு காட்டறது! நான் பதவியில இருந்த காலத்தில எங்க ஆபீஸ் கட்டடத்தில தீ அணைக்கற கருவி இருந்த அறைக்கு ரெண்டு பூட்டு. திருடு போயிடக் கூடாதே. ஒரு தடவை நிஜமாவே தீப்பிடிச்சுது. கருவிக்கு ஒரு கீறல்கூட இல்லை!"

கைதட்டல் பிரமாதமாக இருந்தது. டாக்டரும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும் கைகளைப் பார்த்தபோதுதான், அவை தன்னுடையவை என்று தெரிந்து நிறுத்தினார்.

பக்கத்து நாற்காலியில் தையல்கார அக்கா வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு சின்ன டப்பா. கிளிக்கான பழத்துண்டுகள்.

"எங்க கொண்டுபோய் வெச்சாங்களோன்னு ஒரே கவலையா இருந்தது தம்பி. உங்க வீட்டுலதான்னு சொன்னாங்க. அப்புறம்தான் உயிரே வந்தது. டாக்டர் வீடு. உங்களுக்குத் தெரியாததா, எது பத்திரம் எது இல்லைன்னு."

டாக்டர் அவரைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். கேள்விகள் கடைசியில். கடைசியில் யார் இருப்பார்கள்?

எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள், அதனால் படியேறி ஓடினார். பின்னால் விசில் விடாமல் கத்தியது. மூன்றாவது மாடிக்குள் மூச்சு முட்டி, முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புலம்பின. தினமும் நடக்கச் சொல்லி மனைவி சொன்னதையெல்லாம் கேட்டிருந்தால், ஒரு கிளியைக் காப்பாற்றும் தகுதியாவது இருந்திருக்கும்.

வாசலில் புகைப் பிரிவுப் பொறுப்பாளர் இரண்டு கையையும் விரித்து நின்றார். "அனுமதி இல்லாம உள்ள விட முடியாது டாக்டர். என் கடமை."

டாக்டருக்குக் கண்ணாடி முன்னால் பழகிய வசனம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. வந்தது தினமும் வாயில் வருவதுதான்.

"வாயைத் திறங்க" என்றார்.

பொறுப்பாளர் சட்டென்று தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக மூடி, வாயை 'ஆ'வென்று திறந்தார்.

டாக்டர் அவரைத் தாண்டி உள்ளே போனார். மூச்சை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்து கூண்டை எடுத்து மார்போடு அணைத்தார். ஈரத்துணிகளைப் பிடுங்கி எறிந்து ஜன்னல்களைத் திறந்தார்.

"யாரது?" என்றது கிளி.

"நான்தான்" என்றார் டாக்டர். அழுகை வந்துவிட்டது.

பிறகுதான் கவனித்தார். புகை இல்லை, வாசனை இல்லை. ஓவனில் விளக்கு எரியவில்லை. தொட்டுப் பார்த்தார். நேற்றைய சோற்றுப் பானையைப் போல் ஜில்லென்று இருந்தது. கதவை இழுத்தால் திறந்தது. உள்ளே கொழுப்பும் கோழித்தோலும் அப்படியே கிடந்தன. சுவிட்சைப் போட்டால் சமையலறை விளக்கும் எரியவில்லை.

வீட்டு மெயின் சுவிட்சை யாரோ அணைத்திருந்தார்கள்.

கூண்டோடு அவர் முற்றத்துக்கு இறங்கி வந்தபோது தலைவர் முடிவுரையில் இருந்தார். "புகை வந்துதா? வரலை. நாத்தம் வந்துதா? வரலை. ஒரு தீப்பொறி? இல்லை! இந்த அளவுக்குப் பாதுகாப்பா ஒரு ஓவன் உலகத்தில வேற எங்கயாவது சுத்தமாகியிருக்குமா?"

அக்கா ஓடி வந்து கூண்டை வாங்கிக்கொண்டார். டாக்டர் நேராக மைக்குக்கே போனார். அவருடைய வாழ்க்கையில் முதல் தடவை.

"ஓவன் ஓடவே இல்லை" என்றார். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. மைக் அதை ஊருக்கே பெரிதாக்கிச் சொன்னது. "கரன்டே இல்லை. அழுக்கு அப்படியே இருக்கு. ஓடியிருந்தா இந்தக் கிளி செத்திருக்கும். எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம நின்னேன்."

தலைவர் செயலாளரைப் பார்த்தார்.

"நான்தான் அணைச்சேன்" என்றார் செயலாளர். "நீங்க கை வைக்கப் போறீங்க. ஷாக் அடிச்சிட்டா?"

தலைவர் கொஞ்சநேரம் யோசித்தார். யோசனை முடிந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா? இதுதான் முன்யோசனை! இனிமே நம்ம கட்டடத்தில எந்த ஓவன் தன்னைச் சுத்தம் பண்ணிக்கிட்டாலும் மெயினை அணைச்சிட்டுத்தான் பண்ணிக்கணும். வழிமொழியறவங்க?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. டாக்டரின் வலதுகையும் பழக்கதோஷத்தில் தோள் வரை கிளம்பிவிட்டது. இடதுகையால் அதைப் பிடித்து இறக்கினார்.

சாயங்காலம் அவர் யாரிடமும் கேட்கவில்லை. தன் கிளினிக் சாவியை அக்காவிடம் கொடுத்து, கிளியோடு அங்கே போய் இருக்கச் சொன்னார். ஆபத்து என்று தெரிந்தும் சொல்லாமல் நின்றதற்கு அக்கா ஏதாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அக்கா சாவியை வாங்கிக்கொண்டு, "அங்க வாசல்ல மணி இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றார்.

மெயினைப் போட்டார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கொழுப்பைச் சுரண்டித் துடைத்தார். ஜன்னலைத் திறந்தார், விசிறியைப் போட்டார். திருடனைப் போல வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது. கதவு 'களுக்' என்று பூட்டிக்கொண்டது. ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். கொஞ்சம் வாடை அடித்தது, அதுவும் ஜன்னல் வழியாகப் போய்விட்டது. வேறு எதுவும் நடக்கவில்லை. இவ்வளவு சாதாரணமாக ஒரு காரியம் நடக்க முடியும் என்பதே அவருக்குச் சற்று அவமானமாக இருந்தது.

யாரோ கதவை நகத்தால் சுரண்டுவதுபோல் தட்டினார்கள்.

திறந்தால் தலைவர். செருப்புக்கூட இல்லை. படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். பொதுவா கேக்கறேன். ஒருத்தர் வீட்டில... யாரோ ஒருத்தர்னு வெச்சுக்குங்களேன்... ஓவன் ரொம்ப மோசமா இருக்கு. அவருக்கு ஒரு பொண்ணு, வெளியூர்ல. போன தடவை வந்தப்ப திறந்து பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம மூடினா. அம்மா இருந்த வரைக்கும் பளிச்சுன்னு இருந்த ஓவன். நாளன்னைக்கு மறுபடி வர்றா." மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். வாடை அவருக்கும் தெரிந்தது. "அவர்... எப்படிப் பண்றது?"

டாக்டர் சொல்லத்தான் வாயெடுத்தார். கம்பித் தட்டு, துணி, ஜன்னல், இவ்வளவுதான். ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் தானும் அந்தப் பக்கம் தலைவருமாக நின்ற அந்த நிமிஷம் நாக்கில் வெல்லமாக இனித்தது. அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. குரலில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது.

"அனுமதிக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

கேட்ட பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. நியாயமான கேள்வி என்பதுபோல் தலையை ஆட்டினார். வாசலில் நின்றபடியே ரொம்பநேரம் யோசித்தார். முகம் மெல்ல மெல்ல வாடியது.

"என்கிட்டதானே குடுக்கணும்" என்றார். "கிடைக்காது டாக்டர். எனக்குத் தெரியும் அந்த ஆளை."